காவல்காரன் எங்கே போனான்? – கணினி கேள்வி பதில்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "ஆன்டிவைரஸ் தானாக அணைந்து கிடந்தால், மறுபடி ஆன் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடாதீர்கள், ஏன் அணைந்தது என்று பாருங்கள்." அந்தக் கேள்வியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமாக இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: மேடம், என் கணினியை நான் ஒருத்திதான் பயன்படுத்துகிறேன். திடீரென்று மூலையில் இருக்கும் கேடயப் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. உள்ளே போய்ப் பார்த்தால் ரியல்-டைம் புரொடெக்ஷன் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட்டால் அசையவில்லை. "இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி நிர்வகிக்கிறார்" என்று வேறு எழுதியிருக்கிறது. நிர்வாகியே நான்தானே! இது யார் புதிதாக? (மொழிபெயர்ப்பாளர்)

பதில்: அந்த வாசகத்தைப் படித்துவிட்டு, கணினிக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் யாரும் இருக்க வேண்டியதில்லை. பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த, விண்டோஸில் 'பாலிசி' என்றொரு ஏற்பாடு உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே யார் எழுதினாலும் விண்டோஸுக்கு அது நிர்வாகி எழுதியதுதான். அலுவலகத் தலைமை எழுதலாம். 'கணினியை வேகமாக்குகிறேன்' என்று வந்த இலவச மென்பொருள் எழுதலாம். வைரஸும் எழுதலாம்.

ரொம்ப காலம் இது எவ்வளவு எளிதாக இருந்தது தெரியுமா? ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக்கினால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் படுத்துவிடும். 2019இல் மைக்ரோசாஃப்ட் 'டேம்பர் புரொடெக்ஷன்' என்ற பூட்டைக் கொண்டுவந்தது. அது ஆன் ஆக இருந்தால், வெளியிலிருந்து வரும் இந்த மாதிரி மாற்றங்களை டிஃபெண்டர் மதிக்காது. 2020 ஆகஸ்டில், வீட்டுக் கணினிகளில் அந்தப் பழைய மதிப்பையே கண்டுகொள்ளாமல் விடும்படி மாற்றினார்கள். ஆகவே உங்கள் கணினியில் இப்போது இப்படி நடந்திருக்கிறது என்றால், முதலில் டேம்பர் புரொடெக்ஷன் ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்தில் வேறு ஆன்டிவைரஸோ 'டியூன்-அப்' மென்பொருளோ போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். போட்டிருந்தால் பாதிக்குப் பாதி அதன் வேலைதான்.

இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படலாம். 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால் கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். வைரஸ் விழித்துக்கொண்டு காவல்காரனோடு மல்லுக்கு நிற்க அங்கே வாய்ப்பு குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை, நானே பார்க்காமல் விட்டு மாட்டிக்கொண்டேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'இந்த ஃபோல்டர் பக்கம் போகாதே' என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லி வைக்கும் இடம். புத்திசாலி வைரஸ் காவல்காரனைக் கொல்வதில்லை, அவன் ரோந்துப் பாதையிலிருந்து ஓர் அறையை மட்டும் எடுத்துவிடுகிறது. கேடயத்தில் பச்சை டிக் அப்படியே இருக்கும். வீட்டுக் கணினியில் டேம்பர் புரொடெக்ஷன் இதைத் தடுப்பதும் இல்லை.

ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று, அதைச் செய்து தந்தவர்கள் சொன்னபடி அதன் ஃபோல்டரை நானே என் கையால் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். அப்புறம் மறந்தும் போனேன். இரண்டு வருஷம் கழித்து, அதே கணினியிலிருந்து பாஸ்வேர்டுகள் வெளியே போகின்றன என்று கூப்பிட்டார்கள். ஸ்கேன் போட்டால் சுத்தம். மறுபடி போட்டால் மறுபடி சுத்தம். கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு வரி, நான் எழுதிய வரி. அந்த ஃபோல்டருக்குள் கணக்கு மென்பொருளின் கோப்புகள் எல்லாம் இரண்டு வருஷப் பழசு, நடுவில் ஒன்றின் தேதி மட்டும் போன வாரம். வைரஸ் எதையும் அணைக்கவில்லை. நான் திறந்து வைத்திருந்த அறையில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இன்னொரு கணினியில் அந்தப் பட்டியலில் முழு சி டிரைவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை நான் எழுதவில்லை.

கேள்வி: எல்லா இணையதளமும் திறக்கிறது, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. அவர்களுடைய சர்வர் கோளாறாக இருக்குமா? (ஆசிரியர்)

பதில்: ஒன்று திறக்காவிட்டால் அவர்கள் கோளாறு. வரிசையாக நான்கைந்து திறக்கவில்லை என்றால் உங்கள் கணினியில்தான் ஏதோ இருக்கிறது.

இது பழைய தந்திரம். 2008 நவம்பரில் பரவ ஆரம்பித்த கான்ஃபிக்கர் என்ற புழு (கணினிக்குக் கணினி தானே தாவும் வைரஸ்), விண்டோஸ் அப்டேட்டையும் டிஃபெண்டரையும் நிறுத்தியதோடு, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர் உள்ள முகவரி எதைக் கேட்டாலும் பதில் வராதபடி செய்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அக்டோபரிலேயே மருந்து கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள் என்பது வேறு கதை. இந்தக் குணத்தையே வைத்து ஆராய்ச்சியாளர்கள் அதற்குக் கண் பரிசோதனை அட்டை மாதிரி ஒரு பக்கம் தயாரித்தார்கள். மேல் வரிசையில் பாதுகாப்புத் தளங்களிலிருந்து வரும் படங்கள், கீழ் வரிசையில் மற்ற தளங்களின் படங்கள். கீழே எல்லாம் தெரிந்து மேலே கட்டங்கள் காலியாக இருந்தால் உங்களுக்குத் தொற்று. ஸ்கேன் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், கண் இருந்தால் போதும். இந்தத் துறையில் நான் பார்த்த அழகான கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்தப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் சின்னக் கோப்பு அது. சாதாரணமாக # குறியில் தொடங்கும் விளக்க வரிகள் மட்டும்தான் இருக்கும். ஆன்டிவைரஸ் பெயர்களுக்கு முன்னால் 127.0.0.1 என்றோ 0.0.0.0 என்றோ இருந்தால், அந்த முகவரிகளை யாரோ உங்கள் கணினிக்குள்ளேயே திருப்பி விட்டிருக்கிறார்கள். அந்த வரிகளை அழிப்பது மட்டும் போதாது, எழுதியவன் இன்னும் உள்ளே இருப்பான். வேறு சுத்தமான கணினியில் ஸ்கேனரை இறக்கி, யு.எஸ்.பி.யில் எடுத்து வந்து பாருங்கள்.

கேள்வி: படம் எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றை 'கிராக்' செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த வடிவில் இறக்கினேன். கூடவே வந்த குறிப்பில் "நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும், அது தவறாக எச்சரிக்கும்" என்று எழுதியிருக்கிறது. உண்மையிலேயே சில சமயம் தவறான எச்சரிக்கை வருமல்லவா? (மாணவர்)

பதில்: வரும். அந்த உண்மைக்குள்தான் இந்தப் பொய் ஒளிந்துகொள்கிறது.

2002இல் கிளெஸ் என்றொரு புழு மின்னஞ்சலில் சுற்றியது. அதன் ஒரு வடிவம் எப்படி வந்தது தெரியுமா? "கிளெஸ் புழுவுக்குத் தடுப்பூசி" என்ற தலைப்பில்! இது நிஜப் புழுவை ஏமாற்றப் போலிப் புழு மாதிரி நடிக்கும், அதனால் உங்கள் ஆன்டிவைரஸ் கூச்சல் போட்டாலும் போடும், கண்டுகொள்ளாமல் 'தொடர்க' என்பதை அழுத்துங்கள் என்று பணிவாக எழுதியிருந்தார்கள். உள்ளே போனதும் ஆன்டிவைரஸ் செயலிகளைத் தேடிப் பிடித்து நிறுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. உங்களுக்கு வந்த குறிப்பும் அந்தக் கடிதமும் ஒரே குடும்பம்.

திருடன் பூட்டை உடைக்கச் சத்தம் போட வேண்டும். வீட்டுக்காரரே திறந்துவிட்டால் சத்தமே இல்லை. இப்போது புதிதாக ஒன்று நடக்கிறது. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்து, வருகிற பெட்டியில் ஒட்டு, என்டர் தட்டு என்று சொல்லும். ஒட்டுவது ஒரு கட்டளை. நீங்களே வைரஸை ஓட விடுகிறீர்கள். எந்த மனிதச் சோதனைக்கும் அந்தப் பெட்டி தேவையே இல்லை.

இறக்கியதை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனி சொல்கிறது. அப்படியென்றால் வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி.

கேள்வி: அக்கா, ஒழுங்கான நிறுவனம் கையெழுத்திட்ட டிரைவரை வைத்தே ஆன்டிவைரஸைக் கொல்கிறார்கள் என்று படித்தேன். நல்ல டிரைவர் எப்படிக் கெட்ட வேலை செய்யும்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். (கணினி அறிவியல் மாணவி)

பதில்: வேலியே பயிரை மேயும் கதை இது. விரிவாகவே சொல்கிறேன், எனக்கும் பிடித்த விஷயம்.

விண்டோஸில் இரண்டு தளங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள். மேல் தளத்தில் நாம் ஓட்டும் நிரல்கள் எல்லாம். கீழ்த் தளத்தில் விண்டோஸின் மையக்கருவான கெர்னலும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும். மேல் தளத்தில் இருப்பவர் அட்மினாகவே இருந்தாலும் ஆன்டிவைரஸின் முக்கியச் செயலியை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) டாஸ்க் மேனேஜரில் பிடித்து நிறுத்தப் பார்த்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். அதற்கு 'பாதுகாக்கப்பட்ட செயலி' என்ற தகுதியை விண்டோஸ் 8.1 காலத்திலிருந்து கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தகுதி மேல் தளத்துக்காரர்களுக்கு எதிரான சுவர்தான். கீழ்த் தளத்திலிருந்து ஒரு டிரைவர் 'இந்தச் செயலியை முடி' என்று சொன்னால் முடிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் தாக்குகிறவன் தானே ஒரு டிரைவர் எழுதி இறக்கலாமே? முடியாது. 64-பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. அதனால் அவன் எழுதுவதில்லை, ஏற்கெனவே கையெழுத்து வாங்கிய, ஆனால் ஓட்டையுள்ள ஒரு பழைய டிரைவரைக் கையோடு கொண்டுவருகிறான். விண்டோஸ் கையெழுத்தைப் பார்க்கிறது, சரியாக இருக்கிறது, உள்ளே விடுகிறது. கையெழுத்து சொல்வது 'இதைச் செய்தவர் இன்னார்' என்பதை மட்டும்தான். 'இதில் ஓட்டை இல்லை' என்று அது எப்போதும் சொன்னதில்லை.

2020 பிப்ரவரியில் வெளியான ராபின்ஹுட் ரான்சம்வேர் விவரத்தைப் பார். (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்தான் ரான்சம்வேர்.) கிகாபைட் நிறுவனத்தின் மதர்போர்டுகளுக்கான ஒரு டிரைவர். அதில் ஓட்டை இருப்பது 2018இலேயே வெளியே வந்து, நிறுவனம் அதைக் கைவிட்டும் விட்டது. ஆனால் கையெழுத்து செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. தாக்கியவர்கள் அதை இறக்கி, அதன் ஓட்டை வழியாகக் கெர்னலின் கையெழுத்துச் சோதனையையே அணைத்து, பிறகு தங்கள் சொந்த டிரைவரை இறக்கி, ஆன்டிவைரஸ்களை ஒவ்வொன்றாக முடித்தார்கள். அப்புறம்தான் கோப்புகளைப் பூட்டும் வேலை.

2022இல் இன்னும் வேடிக்கை. கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஒரு டிரைவர் உண்டு. ஆட்டத்தில் தகிடுதத்தம் செய்பவனைக் கண்காணிக்க வேண்டுமல்லவா, அதனால் அதற்குக் கீழ்த் தளத்தில் தாராளமான அதிகாரம். ரான்சம்வேர் கூட்டம் அந்த டிரைவரை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வந்து ஆன்டிவைரஸ்களை நிறுத்தியது. பாதிக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டு இருக்கவே தேவையில்லை. 2023இல் மைக்ரோசாஃப்டே தரும் புராசஸ் எக்ஸ்புளோரர் கருவியின் பழைய டிரைவர் இதே வேலைக்குப் போனது. அவாஸ்ட் ஆன்டிவைரஸின் பழைய டிரைவரும் அகப்பட்டது. அதாவது ஒரு காவல்காரனின் பழைய லத்தியால் இன்னொரு காவல்காரனுக்கு அடி.

இதற்கு மைக்ரோசாஃப்ட் ஓட்டை டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 2022 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே ஆன் ஆக இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் என்று போனால் தெரியும். குறை என்னவென்றால், பட்டியல் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. 2022இல் பார்த்தபோது விண்டோஸ் 10 கணினிகளுக்குப் பல வருஷங்களாகப் புதுப் பட்டியல் போய்ச் சேரவே இல்லை என்று தெரியவந்து, பிறகு சரிசெய்தார்கள். ஒரு டிரைவரைத் தடை செய்தால் எங்கோ ஓர் அலுவலகத்தில் உண்மையான கருவி நின்றுபோகும். அந்தப் பயத்தில்தான் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது, ஆனால் தாக்குகிறவனுக்கு அந்தத் தயக்கம் ஒரு வருஷ அவகாசம்.

நீ தேர்வுக்கு எழுதுவதானால் ஒன்றைக் கோடிட்டுக்கொள்: டிரைவரை இறக்கவே அட்மின் உரிமை வேண்டும். இந்த வித்தை எல்லாம் அட்மின் ஆன பிறகு நடப்பது. அதற்கு முன்னால் நடந்த கதை என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: அப்படியானால் ஆன்டிவைரஸையும் கெர்னலை விட்டு வெளியே அனுப்பிவிட்டால் என்ன? (அதே மாணவி, இரண்டாம் கடிதம்)

பதில்: வெளியே அனுப்ப வேண்டும் என்ற பேச்சு 2024 ஜூலை 19க்குப் பிறகு பலமாகிவிட்டது. அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. தாக்குதலே இல்லை, காவல்காரன் தானே தடுக்கி விழுந்தான், விழுந்தது கீழ்த் தளத்தில் என்பதால் மொத்தக் கட்டடமும் ஆடியது. கெர்னலுக்கு வெளியிலிருந்தே வேலை செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2025இல் பாதுகாப்பு நிறுவனங்களுக்குச் சோதனைக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் காவல்காரன் மேல் தளத்துக்கு வந்து, திருடன் மட்டும் டிரைவரோடு கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?

பதில்: இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்படும். இன்னொரு ஆன்டிவைரஸ் 'நான் வந்துவிட்டேன்' என்று விண்டோஸிடம் பதிவு செய்துகொண்டால், டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த மரியாதையையும் ஏமாற்றலாம் என்று 2025இல் ஓர் ஆராய்ச்சியாளர் செய்தே காட்டினார். ஒன்றுமே செய்யாத போலி ஆன்டிவைரஸ் ஒன்றைப் பதிவு செய்தார், டிஃபெண்டர் ஒதுங்கிக்கொண்டது. உங்கள் கணினியில் எந்தப் பெயரில் ஆன்டிவைரஸ் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: ராத்திரி ஓடவிட்டிருந்த கணினி காலையில் சேஃப் மோடில் நின்றது. திரை மூலைகளில் அந்தச் சொல், பின்னணி கறுப்பு. நான் எதையும் தொடவில்லை. பயப்பட வேண்டுமா? (வரைபடக் கலைஞர்)

பதில்: முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், பிறகு பேசுவோம்.

சேஃப் மோட் என்பது பழுதுபார்க்கும் வாசல். அத்தியாவசியமானவை மட்டும் எழும், பெரும்பாலான பாதுகாப்பு மென்பொருள்கள் எழாது. 2019இல் ஸ்னாட்ச் என்ற ரான்சம்வேர் இதைப் பயன்படுத்திக்கொண்டது. சேஃப் மோடிலும் ஓடும் சேவையாகத் தன்னைப் பதிந்துகொண்டு, கணினியைச் சேஃப் மோடில் எழுப்பி, காவல்காரன் இல்லாத வீட்டில் நிதானமாகக் கோப்புகளைப் பூட்டியது. பின்னால் வந்த கூட்டங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. அப்டேட் கோளாறாலும், மூன்று நான்கு தடவை சரியாக எழாததாலும் கணினி பழுதுபார்க்கும் திரைக்குப் போகும், அது வேறு. யாரும் தேர்ந்தெடுக்காமல் நேராகச் சேஃப் மோடில் வந்து நிற்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் படங்கள் திறக்கின்றனவா, கோப்புப் பெயர்களின் வால் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறிக்கொண்டே இருந்தால் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் இ.டி.ஆர். (கணினிகளை மையத்திலிருந்து கண்காணிக்கும் பாதுகாப்பு மென்பொருள்) போட்டிருக்கிறோம். அதை நீக்க பாஸ்வேர்டும் வேண்டும். இனி நிம்மதிதானே? (அலுவலக மேலாளர்)

பதில்: எல்லாக் 'கணினியிலும்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவில்?

கேலி செய்யவில்லை. அகிரா என்ற ரான்சம்வேர் கூட்டம் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து விண்டோஸ் கணினியில் தன் நிரலை இறக்கப் பார்த்தது. இ.டி.ஆர். சரியாகப் பிடித்துவிட்டது. காவல்காரனோடு சண்டை போடாமல் அவர்கள் நெட்வொர்க்கில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினார்கள். விரல்ரேகைக் கருவி ஒன்று, வெப்கேமரா ஒன்று. கேமராவுக்குள் ஓடியது லினக்ஸ், அதில் எந்தக் காவலும் இல்லை. அந்தக் கேமராவில் உட்கார்ந்துகொண்டு, பகிரப்பட்ட ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியாகத் திறந்து எல்லாவற்றையும் பூட்டினார்கள். விசாரணைக்குப் போன நிறுவனம் இதை 2025 மார்ச்சில் வெளியிட்டது. கேமராவுக்குச் சர்வரோடு பேச என்ன வேலை இருக்கிறது? தனி நெட்வொர்க்கில் போடுங்கள்.

பாஸ்வேர்டு பற்றி: நீக்கத்தான் பாஸ்வேர்டு, மேம்படுத்த? 2025இல் வெளியான இன்னொரு விவரத்தில், இ.டி.ஆரின் சொந்த நிறுவல் கோப்பையே தாக்கியவர்கள் ஓட்டியிருக்கிறார்கள். புதுப் பதிப்பு வரும்போது பழையது நிற்கும், புதியது எழும், நடுவில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி. காவல் மாறும் அந்த நேரத்தில் நிறுவலைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். பழையவன் போய்விட்டான், புதியவன் வரவே இல்லை. மேம்படுத்தவும் மையத்திலிருந்து அனுமதி வேண்டும் என்ற அமைப்பு இருந்தால் போட்டு வையுங்கள். அப்புறம், எந்தக் கணினி கட்டுப்பாட்டுத் திரையில் 'தொடர்பில் இல்லை' என்று காட்டுகிறது என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். நான் போன இடங்களில் பாதியில் அந்தச் சாம்பல் புள்ளிகளை 'லீவில் இருப்பார்கள்' என்று விட்டிருந்தார்கள்.

கேள்வி: சர்வரில் லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேடு) எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி என்ன தெரியப்போகிறது? (சிஸ்டம் அட்மின்)

பதில்: அழித்ததே தெரியும். செக்யூரிட்டி லாக்கைக் காலி செய்தால், காலியான அந்த லாக்கின் முதல் வரியாக 1102 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். எந்தக் கணக்கு, எந்த நேரம், இரண்டும் அதில் இருக்கும். சிஸ்டம் லாக் என்றால் 104. அந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற கணினிகளில் அதே கணக்கு என்ன செய்தது என்று பாருங்கள். டிஃபெண்டருக்குத் தனி லாக் உண்டு, அதை அழிக்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 5001 என்றால் ரியல்-டைம் காவல் அணைந்தது, 5007 அமைப்பு மாறியது (எக்ஸ்க்ளூஷன் சேர்த்ததும் இங்கே வரும்), 5013 டேம்பர் புரொடெக்ஷன் ஒரு மாற்றத்தைத் தடுத்தது. 5013 வரிசையாக இருந்து பிறகு 5001 வந்தால், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கடைசியில் சாவி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவைக்கு லாக்குகளை உடனுக்குடன் வேறு சர்வருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: அம்மாவின் ஃபோனுக்கு யாரோ பேசி, பிளே புரொடெக்டை (ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் காவலை) அணைக்கச் சொல்லி ஒரு ஆப் போட வைத்திருக்கிறார்கள். நீக்கப் போனால் அந்தப் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. ஃபோன் கெட்டுவிட்டதா?

பதில்: ஃபோன் கெடவில்லை, அந்த ஆப் உங்கள் விரலைத் தள்ளிவிடுகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ ஆண்ட்ராய்டில் 'அக்சசிபிலிட்டி' என்ற வசதி இருக்கிறது. திரையில் இருப்பதைப் படிக்கும், பொத்தான்களை அழுத்தும். அந்த அனுமதியை வாங்கிக்கொண்ட கெட்ட ஆப், நீங்கள் நீக்கும் பக்கத்துக்குப் போனதும் 'பின்னே போ' என்று தானே அழுத்திவிடும். ஃபோனைச் சேஃப் மோடில் எழுப்புங்கள். விண்டோஸில் திருடனுக்கு உதவிய அதே பெயர், இங்கே உங்களுக்கு உதவும்: நீங்கள் நிறுவிய ஆப்கள் எதுவும் அதில் ஓடாது. அங்கே நீக்கிவிடுங்கள். அதற்கு முன்னாலேயே வேறு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது பிளே புரொடெக்டை அணைக்க முடியாதபடி இப்போது கூகுள் தடை வைத்திருக்கிறது. இந்த மாதிரி அழைப்புகள் அவ்வளவு வந்திருக்கின்றன. அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் மறைக்காமல் சொன்னதால்தான் உங்களுக்கே தெரிந்தது.

கேள்வி: மேக் வைத்திருக்கிறேன். இந்தத் தலைவலி எல்லாம் எனக்கு இல்லையே?

பதில்: மேக்கில் வரும் சில போலி நிறுவல் கோப்புகளைத் திறந்தால் பின்னணியில் ஓர் அழகான படம் வரும்: 'வலது கிளிக் செய்து ஓபன் கொடுங்கள்' என்று அம்புக்குறியோடு. மேக்கின் காவல்காரனான கேட்கீப்பரைத் தாண்டும் வழியை உங்களுக்கே சொல்லிக்கொடுக்கும் படம் அது. 2024இல் வந்த செக்கோயா பதிப்பில் ஆப்பிள் அந்தக் குறுக்குவழியை மூடிவிட்டது. மூட வேண்டி வந்தது.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் கணினியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? (நீண்ட நாள் வாசகர்)

பதில்: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான். டேம்பர் புரொடெக்ஷன் ஆன், டிரைவர் தடைப்பட்டியல் ஆன், எக்ஸ்க்ளூஷன்ஸ் காலி. தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கு. எதையாவது நிறுவும்போதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், நானும் முணுமுணுத்துக்கொண்டே அடிப்பேன். வெளியே கழற்றி வைத்த ஒரு ஹார்டு டிஸ்கில் வாராவாரம் நகல்.

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை கேட்டது. நான் எதையும் திறக்கவில்லை. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, கேட்பது யார் என்று பத்து நிமிடம் தேடினேன். பிரின்டரின் அப்டேட். 'இல்லை' கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இன்னும் அப்டேட் செய்யவில்லை, பிரின்டர் நன்றாகத்தான் ஓடுகிறது.